சம்பளம் இல்லாமல் பாடம் சொன்ன கணித மேதை

ஜெர்மனியில் கெட்டிங்கன் என்று ஒரு சிறு நகரம். ஊர் சிறியது, ஆனால் அங்குள்ள சர்வகலாசாலை உலகப் புகழ் பெற்றது. 1916-ம் ஆண்டு குளிர்காலத்தில் அங்கு நடக்கவிருந்த வகுப்புகளின் பட்டியல் வெளியாயிற்று. திங்கட்கிழமைதோறும் 4 மணி முதல் 6 மணி வரை கணித ஆராய்ச்சி வகுப்பு, நடத்துபவர் பேராசிரியர் ஹில்பர்ட், துணை செய்பவர் குமாரி எம்மி நோதர், கட்டணம் கிடையாது. இப்படி அதில் கண்டிருந்தது.

மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். கரும்பலகை முன் வந்து நின்றவர் ஹில்பர்ட் அல்ல. மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி! ஹில்பர்ட் பெயரைப் போட்டது ஒப்புக்குத்தான். பாடம் முழுவதையும் சொன்னவர் எம்மி நோதர்.

ஏன் இந்த ஏற்பாடு? அந்தச் சர்வகலாசாலையில் ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் பாடம் சொல்லக் கூடாது. அதுதான் காரணம்.

986 பேரில் இருவர்

எம்மி நோதர் 1882-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி எர்லாங்கன் நகரில் பிறந்தார். யூத குடும்பம். தந்தை மாக்ஸ் நோதர், அவ்வூர் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர்.

சிறு வயதில் எம்மி எல்லாப் பெண்களையும் போலத்தான் வளர்ந்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தார். 1900-ம் ஆண்டு, பெண்கள் பள்ளியில் அந்த இரண்டு மொழிகளையும் கற்பிக்கும் தகுதிப் பரீட்சையில் தேறினார். ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் மனம் கணிதத்தில் இருந்தது.

எர்லாங்கன் சர்வகலாசாலையில் பெண்களைச் சேர்ப்பதில்லை. பெண்களை விட்டால் ஒழுங்கே கெட்டுப்போகும் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அங்குள்ள பெரியவர்கள் தீர்மானம் செய்திருந்தார்கள். எம்மி ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டு, பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். அப்போது அங்கிருந்த 986 பேரில் பெண்கள் இரண்டே பேர்.

1904-ல் தடை நீங்கியது. எம்மி முறையாகச் சேர்ந்தார். 1907-ல் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியை முடித்தார்.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுக் காலம் அதே சர்வகலாசாலையில் காசு வாங்காமல் உழைத்தார். தந்தைக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் அவருக்குப் பதிலாக மகளே போய்ப் பாடம் சொன்னார்.

பெரும் எதிர்ப்பு

1915-ம் ஆண்டு. ஐன்ஸ்டீனின் புதிய தத்துவம் விஞ்ஞானிகளைத் திணற அடித்துக்கொண்டிருந்த நேரம். அதில் எழுந்த சில சிக்கல்களைத் தீர்க்க எம்மியின் கணிதம் உதவும் என்று கெட்டிங்கன் மேதைகள் ஹில்பர்ட்டும் கிளைனும் கருதினார்கள். அவரை அழைத்தார்கள்.

மற்ற பேராசிரியர்கள் சீறி எழுந்தார்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்பதா என்று கேட்டார்கள். ஹில்பர்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆணா, பெண்ணா என்று பார்ப்பதற்கு இது சர்வகலாசாலையா, குளிக்கும் இடமா என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள்.

கோபம் பலிக்கவில்லை. அதனால்தான் ஹில்பர்ட் தம் பெயரை இரவல் கொடுத்தார்.

இரவல் பெயரில் பாடம் சொல்லிக்கொண்டே எம்மி ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரு பந்தை இன்று மேலே எறிகிறோம், நாளையும் எறிகிறோம். இரண்டு நாளும் அது ஒரே விதிப்படிதான் விழுகிறது. இயற்கையின் விதி நாளுக்கு நாள் மாறுவதில்லை. சக்தி அழிவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அதற்குக் காரணம் இந்த மாறாத தன்மைதான் என்று எம்மி கணக்குப் போட்டு நிரூபித்தார். 1918-ம் ஆண்டு ஜூலை மாதம் கெட்டிங்கன் விஞ்ஞானச் சங்கத்தில் இந்தக் கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது. சமர்ப்பித்தவர் எம்மி அல்ல, கிளைன்! இன்று பௌதிகம் படிக்கும் எவரும் நோதர் தேற்றத்தைப் படிக்காமல் தப்ப முடியாது.

யுத்தம் முடிந்தது. ஜெர்மனியில் மன்னர் ஆட்சி போயிற்று, சட்டங்கள் மாறின. 1919-ல் தன் சொந்தப் பெயரில் பாடம் சொல்லும் உரிமை எம்மிக்குக் கிடைத்தது. சம்பளம்? அதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1923-ல், தம் 41-வது வயதில், சர்வகலாசாலையிடமிருந்து முதன்முதலாக ஒரு சிறு தொகை பெற்றார்.

காப்பிக் கடையில் வகுப்பு

செமினார் என்கிற ஆராய்ச்சி வகுப்பு சாதாரணச் சொற்பொழிவு போன்றதல்ல. சொற்பொழிவில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். செமினாரில் யாரும் குறுக்கே பேசலாம். இன்னும் விடை தெரியாத கணக்கை நடுவில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்துப் பார்ப்பார்கள். எம்மியின் இடம் அதுதான்.

அவரை நல்ல பேச்சாளர் என்று சொல்வதற்கில்லை. எழுதி வைத்துப் படிக்கமாட்டார். மடமடவென்று பேசுவார். நினைப்பு முன்னே ஓடும். நாக்கு பின்னே ஓடும். புதிதாக வந்தவர்கள் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழிப்பார்கள். பேசும் வேகத்தில் கொண்டை ஊசிகள் கழன்று தலைமுடி கலைந்துவிடும். ஒரு நாள் வகுப்பின் இடைவேளையில் அதைச் சொல்லலாம் என்று இரண்டு மாணவிகள் அருகே போனார்கள். அவரோ மற்ற மாணவர்களுடன் மும்முரமாகக் கணக்கு விவாதத்தில் இருந்தார். வந்தவர்கள் வாய் திறக்கவே வழியில்லை!

இன்னொரு சமயம், அரசாங்க விடுமுறை என்று கட்டிடத்தைப் பூட்டிவிட்டார்கள். எம்மி கவலைப்படவில்லை. வாசற்படியில் மாணவர்களைச் சேர்த்தார். காட்டு வழியாக நடத்திக்கொண்டு போய் ஒரு காப்பிக் கடையில் பாடத்தை முடித்தார்.

தமக்குத் தோன்றிய அரிய யோசனைகளை மாணவர்களுக்குத் தானமாகக் கொடுத்தார். அவர்கள் அதைத் தங்கள் பெயரில் வெளியிட்டாலும் வருந்தவில்லை. 1924-ல் ஹாலந்திலிருந்து வந்த வான் டெர் வார்டன் என்ற இளைஞர், எம்மியிடமும் ஆர்ட்டின் என்ற மேதையிடமும் கேட்ட பாடங்களைக் கொண்டு 1930-லும் 1931-லும் இரண்டு பாகங்களாக ஒரு நூல் எழுதினார். பல நாடுகளில் அல்ஜீப்ரா கற்பிக்கும் முறையையே அது மாற்றிவிட்டது.

1932-ல் ஸூரிச் நகரில் சர்வதேசக் கணித மாநாடு. அதன் பொதுப் பேரவையில் சொற்பொழிவாற்றிய முதல் பெண் எம்மி நோதர். ஆனால் கெட்டிங்கன் அவரைக் கடைசிவரை முழுப் பேராசிரியர் ஆக்கவில்லை. அங்கு உயர்ந்த பதவியில் இருந்த கணித மேதை வைல், தம்மைவிடச் சிறந்த எம்மி கீழே இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டார்.

பறிபோன மேடை

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஏப்ரல் மாதத்தில் எம்மிக்கு உத்தரவு வந்தது. இனிப் பாடம் சொல்லக் கூடாது! முன்பு பெண் என்று தடுத்தார்கள். இப்போது யூதர் என்று தடுத்தார்கள்.

எம்மி மாணவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். செமினார் அங்கே நடந்தது. ஒரு நாள் மாணவர்களில் ஒருவன் நாஜி படையின் சீருடையில் வந்து நின்றான். வேறு யாராக இருந்தாலும் நடுங்கியிருப்பார்கள். எம்மி முகம் மாறவில்லை. பாடம் தொடர்ந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியாவில் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் சில மாணவிகளே இருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் ஆண்கள் நடுவே தனியாகப் பேசியவருக்கு, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து கணக்குப் பேசிய செமினார் அது. 1934 முதல் வாரம் ஒரு முறை பிரின்ஸ்டனுக்கும் போய், ஐன்ஸ்டீன் பணியாற்றிய உயர் ஆராய்ச்சி நிலையத்தில் சொற்பொழிவாற்றினார்.

1935-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவருக்கு வயிற்றுக் கட்டிக்காக ஆபரேஷன் நடந்தது. முதல் சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று ஜுரம் ஏறியது. 14-ந்தேதி காலமானார். வயது 53.

மே மாதத்தில் ஐன்ஸ்டீன் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, எம்மியின் பெருமையைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னார். அவருடைய அஸ்தியைப் பிரின் மார் கல்லூரிப் பழைய நூல்நிலையத்தின் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், மாணவிகள் நடக்கும் பாதையின் கீழே புதைத்திருக்கிறார்கள்.