கேட்ட குரலைச் சோதித்துப் பார்த்தவர்

மன்னாரில் இருக்கும் என்னுடைய பெரியம்மா ஒவ்வொரு நத்தாருக்கும் முன்னர் ஒரு சேட்டைத் துவைத்து, அயன் பண்ணி, அலுமாரியில் மேலாக வைப்பார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் ஆக்கப்பட்ட அவருடைய மகனின் சேட் அது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு செபக் கூட்டத்தில் ஊழியர் ஒருவர் அவருடைய தலையில் கைவைத்து, மகன் உயிருடன் இருக்கிறான் என்றும் அடுத்த நத்தாருக்குள் வாசலில் வந்து நிற்பான் என்றும் ஆண்டவர் தன்னோடு பேசியதாகச் சொல்லியிருக்கிறார். இதை வெளியில் கதைக்கக்கூடாது, சந்தேகப்பட்டால் வாக்குத்தத்தம் தடைப்பட்டுவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நத்தாரும் போய், அதற்குப் பிறகு மூன்று நத்தார்களும் போய்விட்டன. சேட் மட்டும் ஒவ்வொரு வருடமும் துவைக்கப்படுகிறது.

இதைப் பற்றிக் கோபமாக ஒரு கட்டுரை எழுதத்தான் நான் முதலில் நினைத்தேன். எழுத முன்னர் பெரியம்மாவிடம் போய்க் கதைத்தேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அப்படியென்றால் கடவுள் ஒருவரோடும் பேசுவதில்லையா? மறைக்கல்வி வகுப்பில் சாமுவேலின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. கேட்பது கடவுளின் குரல்தானா என்று எப்படிப் பழகித் தெரிந்துகொள்வது என்பதுதான் என்னைக் குடைந்தது. அந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருவரைத் தேடிப் படித்தேன். மன்னாரில் அவரைவிட அவருடைய பாரிஸ் அறைத்தோழரைத்தான் நன்றாகத் தெரியும். அந்தத் தோழர் பிரான்சிஸ் சவேரியார். நான் படித்தது லொயோலா இஞ்ஞாசியாரை.

இஞ்ஞாசியார் 1491இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் லொயோலா என்ற குடும்ப மாளிகையில் பிறந்தார். பெயர் இனிகோ. 13 பிள்ளைகளில் கடைசி. இளம் வயதில் அரச பொருளாளர் ஒருவரின் வீட்டில் வளர்ந்து, வாள்வீச்சும் நல்ல உடுப்பும் பெண்களின் பார்வையுமே வாழ்க்கை என்று இருந்தவர். 1515இல் ஊரில் நடந்த அடிதடி ஒன்றுக்காக வழக்கில் சிக்கியவரும்கூட. தெய்வக் குரல் கேட்கப்போகிறவர் என்று அந்த வயதில் அவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1521 மே 20ஆம் திகதி, பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை நொறுக்கியது. ஊருக்குத் தூக்கி வந்தார்கள். எலும்பு கோணலாகப் பொருந்தி மேலே துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான சப்பாத்துப் போட முடியாதே என்பதற்காக அந்த எலும்பை அறுத்து எடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம். அப்படியும் சாகும்வரை நொண்டித்தான் நடந்தார்.

படுக்கையில் கிடந்தவர் வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை இருக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு ஒன்றும் புனிதர்களின் கதைகளும்தான் கிடைத்தன. வாசித்த நேரம் போக மற்ற நேரத்தில் பகற்கனவு கண்டார். சில நாட்களில் உயர்குலப் பெண் ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களைப் பற்றி மூன்று நான்கு மணித்தியாலம் யோசிப்பார். வேறு சில நாட்களில் பிரான்சிஸ் அசிசியாரைப் போல வெறுங்காலோடு ஜெருசலேமுக்குப் போவதைப் பற்றி யோசிப்பார். இரண்டு கனவுகளும் காணும்போது இனிமையாகத்தான் இருந்தன. ஆனால் கனவு முடிந்த பிறகு வித்தியாசம் தெரிந்தது. முதலாவது முடிந்ததும் மனம் காய்ந்து வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோசம் தங்கியிருந்தது.

இவ்வளவுதான் அவருடைய ஆரம்பப் பாடம். வானத்தில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு எண்ணம் மனதுக்குள் வரும்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அது போன பிறகு எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று கண்டுகொண்டார்.

ஆனால் பாடம் உடனே மண்டையில் ஏறிவிடவில்லை. 1522இல் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் வழியில் முஸ்லிம் ஒருவரோடு மாதாவின் கன்னிமையைப் பற்றித் தர்க்கம் பண்ணினார். அந்த மனிதர் முன்னால் போன பிறகு, மாதாவை அவமதித்தவரைத் துரத்திப் போய்க் குத்துவதா விடுவதா என்று இனிகோவுக்குக் குழப்பம். முடிவெடுக்கத் தெரியாமல், பாதை பிரியும் இடத்தில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அந்த மனிதர் போன பக்கம் திரும்பினால் குத்துவது என்று முடிவு. கழுதை மற்றப் பாதையில் போனது. ஒரு மனிதருடைய உயிர் அன்று அந்தக் கழுதையால் தப்பியது. ஒரு அடையாளத்தைக் காட்டு, அப்படியே செய்கிறேன் என்று கடவுளிடம் கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தச் சம்பவத்தை முதிய வயதில் அவரே சொல்லிப் பதிய வைத்தார் என்பதுதான் அவர் மீது எனக்கு மரியாதையைக் கூட்டியது.

மொன்செராட் மலைக்கோயிலில் இரவு முழுவதும் விழித்திருந்து, வாளை மாதாவின் பீடத்தில் விட்டு, விலையுயர்ந்த உடுப்பை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்தார். அந்த ஏழை அவற்றைத் திருடியதாகச் சந்தேகித்துப் பிடித்துவிட்டார்கள். செய்தி கேட்டு இனிகோ அழுதார். நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அதன் பாரம் வேறொருவரின் தலையில் விழலாம் என்பதை அன்று அவர் பார்த்தார்.

பிறகு மன்ரேசா என்ற சிறிய ஊரில் ஏறத்தாழ 11 மாதங்கள். நாளுக்கு ஏழு மணித்தியாலம் செபம், பிச்சைச் சாப்பாடு, வெட்டாத முடி, வெட்டாத நகம். அங்கேதான் காட்சிகளும் வந்தன. பாம்பு போன்ற உருவம் ஒன்று, உடல் முழுக்கக் கண்கள் போல மினுங்கும் புள்ளிகளோடு, பட்டப்பகலில் காற்றில் தெரியும். பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருக்கும். மறைந்தால் மனம் வாடும். இது எங்கிருந்து வருகிறது என்று நெடுநாள் அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் சிலுவை ஒன்றின் முன்னால் முழந்தாளிட்டிருந்தபோது அது தெரிந்தது. அந்த இடத்தில் அதன் நிறம் மங்கிப்போயிருந்தது. அது நல்லதிடமிருந்து வரவில்லை என்று அன்று தீர்மானித்தார். அழகாக இருப்பதும் ஆறுதல் தருவதும் மட்டும் அத்தாட்சி ஆகாது.

இன்னொரு சம்பவம் சின்னது. ஆனால் எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. தூங்கப் போகும் நேரத்தில் அவருக்குப் பெரிய ஆன்மிக வெளிச்சங்கள் வரத் தொடங்கின. ஏற்கெனவே குறைவாகத் தூங்கியவரின் மிச்சத் தூக்கமும் போனது. கடவுளுக்கென்று நாளில் இவ்வளவு நேரம் கொடுத்திருக்கும்போது இந்த நேரத்தில் ஏன் இது வரவேண்டும் என்று யோசித்தார். அவற்றை ஒதுக்கிவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

அதே மன்ரேசாவில் அவர் தற்கொலையின் விளிம்புக்கும் போனார். பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் மனம் ஆறவில்லை. அறையில் இருந்த குழிக்குள் குதித்துவிடலாம் என்ற எண்ணம் தொடர்ந்து வந்தது. கடவுள் இரங்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவர் சாப்பிடச் சொல்லிக் கட்டளையிட்டபோது கீழ்ப்படிந்தார். உள்ளே ஒலித்த குரலைவிட வெளியே இருந்த ஒரு சாதாரண மனிதரின் புத்திதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

1523இல் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். அங்கேயே வாழ்நாளைக் கழிப்பதுதான் கடவுளின் விருப்பம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புனித தலங்களுக்குப் பொறுப்பாக இருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் அனுமதி மறுத்தார்கள். தங்கினால் திருச்சபைக்கு வெளியே தள்ளவும் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். அவர் தர்க்கம் பண்ணவில்லை, கப்பல் ஏறினார். தான் நிச்சயமாகக் கேட்டதாக நம்பிய ஒன்று பிழையாகப் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டதுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கதவு மூடப்படாமல் இருந்திருந்தால் பாரிஸும் இல்லை, சவேரியாரும் இல்லை.

33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு இருந்து லத்தீன் படித்தார். வினைச்சொற்களைப் பாடமாக்கும்போதெல்லாம் ஞான எண்ணங்கள் பொங்கின. செபத்தில்கூட வராத வெளிச்சம் இலக்கண வகுப்பில் வருவது ஏன் என்று கேட்டு, அதையும் சோதனை என்று கண்டுகொண்டார். ஆசிரியரிடமே போய், இனி ஒழுங்காகக் கவனிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அல்கலாவிலும் சலமங்காவிலும் மக்களுக்கு ஆன்மிகம் சொல்லிக்கொடுத்தபோது திருச்சபை விசாரணையாளர்கள் பிடித்தார்கள். 1527இல் அல்கலாவில் 42 நாட்கள் சிறை, சலமங்காவில் 22 நாட்கள் சங்கிலி. படித்துப் பேசுகிறாயா, ஆவியானவர் சொல்லிப் பேசுகிறாயா என்பதே சலமங்காவில் அவர்கள் கேட்டது. படிக்கவில்லை என்றால் ஆவி என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் அவர்கள் காத்திருக்கும் பொறி அதுதான். அவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார். தனக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது என்று உரிமை கொண்டாடவில்லை. விடுதலையான பிறகு பாரிஸுக்குப் போய் முறையாகப் படித்தார். அங்கே சேர்ந்த தோழர்களோடு 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த் குன்றில் வாக்குறுதி எடுத்தார். 1540இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார். மன்னார் மறைசாட்சிகளின் கதையில் வரும் சவேரியார் அந்தச் சபையின் ஆள்தான்.

1537இல் ரோமுக்குப் போகும் வழியில், லா ஸ்டோர்டா என்ற இடத்துச் சிற்றாலயத்தில், ரோமில் கடவுள் தங்களுக்குத் துணையாக இருப்பார் என்று அவருக்கு உறுதி கிடைத்தது. ஆனால் அதை வைத்து அவர் ஆரூடம் சொல்லவில்லை. அங்கே நம்மைச் சிலுவையில் அறைவார்களோ என்னவோ என்றுதான் தோழர்களிடம் சொன்னார். துணை இருக்கும் என்பது வேறு, இன்ன திகதியில் இன்னது நடக்கும் என்பது வேறு.

சபைத் தலைவரான பிறகும் இந்தச் சந்தேகம் விடவில்லை. 1544இல் எழுதிய நாட்குறிப்பில், செபத்தில் தான் கேட்ட உள்ளார்ந்த பேச்சின் இனிமையைக் குறிக்கிறார். உடனே, சொல்லின் பொருளை விட்டு ஓசையில் மயங்குகிறேனோ, இது தீய ஆவியின் வேலையோ என்றும் தன்னையே கேட்கிறார். 20 வருடத்துக்கு மேல் பழகிய மனிதர் இப்படிக் கேட்கிறார்.

அவருடைய சபைக்குள்ளேயே தீர்க்கதரிசிகள் கிளம்பினார்கள். கந்தியா நகரில் மிக நீண்ட நேரம் செபத்தில் இருந்த இருவர், சபை மாற வேண்டும் என்று தங்களுக்கு வெளிப்பட்டதாகச் சொன்னார்கள். 1549இல் இஞ்ஞாசியார் நீண்ட பதில் ஒன்றை எழுதுவித்தார். கடவுள் அப்படிப் பேச முடியாது என்று அவர் மறுக்கவில்லை. ஆனால் எளிதில் நம்பக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும், அளவுக்கு மிஞ்சிய செபம் உடலைக் கெடுத்தால் கற்பனையும் கெடும் என்றார்.

1548இல் அங்கீகாரம் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் இந்த அனுபவமெல்லாம் விதிகளாக இருக்கின்றன. மனம் இருண்டிருக்கும்போது முடிவை மாற்றாதே. ஒரு எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார். தீய ஆவி கள்ளக் காதலனைப் போல, தன் பேச்சு வெளியே தெரிவதை விரும்பாது, எனவே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடு. வழிகாட்டிக்கும் ஒரு விதி உண்டு: தராசு முள் போல நடுவில் நில், கடவுளையும் அந்த ஆளையும் நேராகச் சந்திக்க விடு.

இதை வாசித்தபோது எனக்குப் பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்டதுதான் நினைவுக்கு வந்தது. வெளியில் கதைக்கக்கூடாது.

இஞ்ஞாசியார் 1556 ஜூலை 31ஆம் திகதி ரோமில் இறந்தார். 1622இல் சவேரியாரோடு ஒரே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

போன மாதம் திரும்பவும் மன்னாருக்குப் போனேன். அந்த வாக்கு பொய் என்று நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அவருடைய மகனைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: கூட்டத்துக்குப் போய் வந்து சில நாள் கழிய மனம் எப்படி இருக்கிறது?

அவர் நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அன்றிரவு நல்லாத் தூங்குவேன், இரண்டு மூன்று நாள் போனால் சமைக்கவும் மனம் வராது என்றார். காணாமல் ஆக்கப்பட்டோரின் மற்றத் தாய்மாரோடு போராட்டத்தில் இருந்துவிட்டு வரும் நாட்களைப் பற்றியும் கேட்டேன். களைப்பாக இருக்கும், அழுதுவிட்டுத்தான் வருவேன், ஆனால் வந்து சோறு சாப்பிடுவேன் என்றார்.

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. தராசு முள்ளை நான் அசைக்கக்கூடாது. இந்த நத்தாருக்கும் அவர் அந்தச் சேட்டைத் துவைக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் தனக்குச் சொல்லப்பட்டதை அடுத்த கிழமை மற்றத் தாய்மாரிடமும் சொல்லப்போவதாக, நான் வெளிக்கிடும்போது வாசலில் நின்று சொன்னார்.