விலங்கிலும் அணையாத ஒளி

1799இல் திப்பு சுல்தான் ஆங்கிலேயரை எதிர்த்துப் பொருது மாண்டபின், அவர்தம் குடும்பத்தார் நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பெற்றனர். அம்மரபில் வந்தவரே நூர் இனாயத் கான். பரோடாவில் பிறந்த இசைவாணரும் சூஃபி ஞானியுமான இனாயத் கானின் மகளாக 1914இல் மாஸ்கோவில் பிறந்தார். பாரிஸில் வளர்ந்து, குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார்.

1940இல் ஹிட்லரின் படை பிரான்சைக் கைப்பற்றியது. இந்திய விடுதலையை விரும்பிய நூர், அதனினும் கொடிய ஆதிக்கத்தை வீழ்த்த ஆங்கிலேயரின் இரகசியப் பணியில் சேர்ந்தார். 1943 ஜூனில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் பிரான்ஸ் சென்றார். தோழர்கள் பலர் பிடிபட்டபோதும், திரும்பிவர மறுத்துச் செய்தி அனுப்பி வந்தார். அக்டோபரில் கைதானார்.

இருமுறை தப்ப முயன்றார்; இனித் தப்புவதில்லையென உறுதியளிக்கவும் மறுத்தார். எனவே ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில், கைகால்களில் விலங்கிட்டுத் தனியறையில் அடைத்தனர். ஏறத்தாழப் பத்துத் திங்கள் அவ்விருளில் கிடந்தும், உணவுக் கிண்ணத்தின் அடியில் எழுத்துகளைக் கீறிச் சக கைதிகளோடு உறவாடினார். விசாரணையில் தோழர்களைக் காட்டிக்கொடுத்தாரல்லர்.

1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் வதைமுகாமில் தோழியர் மூவருடன் சுட்டுக் கொல்லப்பட்டார், அகவை 30. பிரிட்டன் 1949இல் ஜார்ஜ் சிலுவை விருதளித்துப் போற்றியது.

நூர் என்னும் அரபுச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். விலங்கு பூண்ட கை கிண்ணத்தில் கீறிய எழுத்தே அவ்வொளியின் சுடர்.