எரிந்துபோன கிளியோப்பாத்திரா

பேசாப்பட நடிகையருள், பெயர் நிலைத்து நடிப்பு அழிந்தவர் தீடா பாராவைப்போல் வேறொருவர் இருப்பாரோ என்பது எனக்கு ஐயமே.

அம்மையார் 1885ஆம் ஆண்டு, அமெரிக்காவிலே ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரில், போலந்திலிருந்து குடியேறிய யூதத் தையற்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். தியோடோசியா குட்மன் என்பது இயற்பெயர். பல்கலைக்கழகத்தில் ஈராண்டு பயின்று, நாடக மேடையிற் சிறு பாத்திரங்கள் ஏற்று, முப்பதை நெருங்கிய வயதிலேதான் வில்லியம் பொக்ஸின் படநிறுவனத்தை அடைந்தார். 1915இல், ஆடவன் ஒருவனை மயக்கி அவன் பொருளையும் மானத்தையும் உறிஞ்சிவிடும் மோகினியாக நடித்தார். அந்த ஒரே படத்தால் நாடறிந்தவரானார்.

விளம்பரக்காரர் அதனோடு அமையவில்லை. எகிப்தியப் பாலைவனத்திலே, பிரெஞ்சு நடிகைக்கும் இத்தாலியச் சிற்பிக்கும் பிறந்தவர் என்று கதை கட்டினர். அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றியடுக்கினால் ‘அரபு மரணம்’ என வருமென்றும் பரப்பினர். தீடா என்பது தியோடோசியாவின் சுருக்கமேயன்றி வேறில்லை! வேடிக்கைதான், எனினும், ஊரையும் பெற்றோரையும் ஒருத்தியிடமிருந்து பறித்து வேறு பிறப்பை அவளுக்கு ஒட்டியதை எண்ணும்போது, என்னால் முற்றாகச் சிரிக்க முடியவில்லை.

1917இல் கலிபோர்ணியாவிலே பெரும் பொருட்செலவில் உருவாகிய ‘கிளியோப்பாத்திரா’ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடியது. மை தீட்டிய அகன்ற கண்களும் பாம்பணிகளுமாக அம்மையார் காட்சிதரும் அதன் நிழற்படங்கள் இன்றும் ஏராளம். அவற்றையே கண்டவர் அவரை மோகினியென்று முடித்துவிடுவர். அவரோ யூலியட்டாகவும் எஸ்மரால்டாவாகவும் நடித்தவர். அப்படங்களும் இப்போது இல்லை. தப்பியவற்றுள் ஒன்று 1916இல் வந்த ‘ஈஸ்ற் லின்’. வீட்டைத் துறந்து போன மனைவி, உருமாறித் தன் பிள்ளைகளுக்கே செவிலியாக வந்து சேரும் கதை அது. அன்னையென்று சொல்லிக்கொள்ள முடியாத அன்னையின் வேடத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்கள் என்றால், மோகினிப் பட்டம் அவர் கலையின் ஒரு கூறே எனத் துணிகிறேன்.

1919இல் பொக்ஸ் நிறுவனத்தை விட்டு நீங்கினார். 1921இல் இயக்குநர் சாள்ஸ் பிராபினை மணந்தார். பின்னர் நடித்தவை மிகச் சிலவே. 1926க்குப் பின் படமில்லை. பேசும்படம் எதிலும் அவர் தோன்றவில்லை.

அக்காலப் படச்சுருள் நைத்திரேற்றுச் செலுலோயிட்டால் ஆனது. வெப்பத்திற் சிதைந்து வாயுவை வெளிவிட்டுத் தானாகவே தீப்பற்றக் கூடியது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் நீராலும் எளிதில் அணையாது. 1937 யூலை 9ஆம் நாள், கடுங்கோடையில், நியூ ஜேர்சியின் லிற்றில் பெரி என்னுமிடத்துப் படக் களஞ்சியம் பற்றியெரிந்தது. பொக்ஸ் நிறுவனப் பேசாப்படங்களிற் பெரும்பாலானவை சாம்பலாயின. அப்போது அம்மையாருக்கு வயது 51. அதன்பின் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1955 ஏப்ரல் 7இல் லொஸ் ஏஞ்செல்சில் மறைந்தார்.

அவர் நடித்த ஏறத்தாழ நாற்பது படங்களுள் முழுமையாக எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. கிளியோப்பாத்திராவில் நெடுங்காலம் சில நொடிகளே கிடைத்திருந்தன. 2023இல் இன்னொரு துணுக்கு அகப்பட்டது. அது ஒரு நிமிடமும் தேறாது.