வந்தியத்தேவனைத் தந்த கல்கி

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி மாயவரம் அருகே புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி பிறந்தார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே, 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு சிறை சென்றார். பிறகு திரு.வி.க.வின் ‘நவசக்தி’யிலும், ராஜாஜியின் ‘விமோசன’த்திலும், ‘ஆனந்த விகட’னிலும் பணியாற்றினார். 1941-இல் நண்பர் சதாசிவத்துடன் ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார்.

அதில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வெளிவந்தது. அதன் நாயகன் வந்தியத்தேவன், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராகக் குறிக்கப்படுபவர். அந்தப் பெயருக்குக் கல்கி உயிர் கொடுத்தார்.

நாடிழந்த குலத்து இளைஞன் அவன். கையில் பிறர் கொடுத்த ஓலையும் ஒரு குதிரையுமே உண்டு. அறியாத ஊர்களில் வாய்ச் சாமர்த்தியத்தால் தப்புகிறான்; அவசரப்பட்டு வம்பில் மாட்டுகிறான்; செய்யாத கொலைக்குச் சிறைப்படுகிறான். ஆயினும் ஏற்ற வேலையைக் கைவிடுவதில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து ஏ.எஸ்.ராவ் நகரில் வாழும் தமிழருக்கு, அருள்மொழிவர்மன் வணங்கத்தக்க மன்னன். வந்தியத்தேவனோ பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்றவன்.

தொடர் முடிந்த 1954-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 5-ஆம் தேதி, 55 வயதில் கல்கி காலமானார். அவருடைய ‘அலை ஓசை’ நாவலுக்கு 1956-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது.

இங்கே தெலுங்கும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இரவில் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டலாம். வந்தியத்தேவன் அடுத்து என்ன ஆனான் என்று அறியும் ஆவலே அவர்களைத் தமிழ் படிக்கத் தூண்டும்.