சட்டம் எழுதிய நடுவர்

உதைபந்தாட்டத்திலே ஆட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று களத்தினுள்ளே 90 நிமிடத்தில் முடிந்துவிடுவது. மற்றையது களத்துக்கு வெளியே நாட்கணக்கில் நீள்வது. புங்குடுதீவிற் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டாவது ஆட்டமே மிகவும் பழக்கமானது. வேலணையிலிருந்து தாம்போதியைக் கடந்தோ, நயினாதீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகேறியோ ஓரணி வந்து ஆடிச் சென்றதாயின், பந்து கையிற் பட்டதா, கை பந்திற் பட்டதா என்னும் வழக்கு ஊரில் ஒரு கிழமைக்குத் தீராது. நான் படிப்பித்த நாட்களில் மாணாக்கர் அவ்வழக்கை வகுப்புக்கும் கொண்டுவருவர். சட்டநூல் என்ன சொல்லுகிறது என்று கேட்பர். அந்நூலை ஒழுங்குபடுத்திய மனிதர் யாரென்று தேடப் புகுந்தபோது, அவரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரே என அறிந்து மகிழ்ந்தேன். அவர் பெயர் சேர் ஸ்ரான்லி றவுஸ்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள சபோக் பகுதியில், மட்போர்ட் என்னும் சிற்றூரில், 1895 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 25 ஆந் திகதி அவர் பிறந்தார். இளமையிற் பந்துக்காப்பாளராக ஆடினார். முதலாம் உலகப் போரிலே பீரங்கிப் படையிற் சேவை செய்து மீண்டபின், எக்ஸெற்றர் நகரில் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1921 இல் வற்போர்ட் இலக்கணப் பள்ளியில் விளையாட்டாசிரியரானார். ஓய்வு நேரத்திற் சீழ்க்கையைக் கையிலெடுத்து நடுவரானார். 1934 ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில் மன்செஸ்ரர் சிற்றி அணி போட்ஸ்மத் அணியை 2 - 1 என வென்ற கிண்ண இறுதியாட்டத்துக்கு அவரே நடுவர். அவ்வாண்டே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசியாகி, 1962 வரை அப்பதவியில் இருந்தார்.

அவர் காலத்திலே சட்டநூல் ஒட்டுப்போட்ட பழந்துணி போலக் கிடந்தது. 1863 இல் இலண்டனிற் கூடியோர் 13 விதிகளை வகுத்தனர். அதன்பின் முக்கால் நூற்றாண்டுக் காலம் திருத்தத்தின்மேல் திருத்தம் ஏறிற்று. எந்த விதி எங்கேயுள்ளது என்று அறிவதே அரிதாயிற்று. றவுஸ் அவை யாவற்றையும் பிரித்தெடுத்து, களம், பந்து, ஆட்டக்காரர், நடுவர் எனத் தொடங்கி 17 விதிகளாக நிரைப்படுத்தினார். 1938 இல் அது சட்டமாயிற்று. பின்னர் எத்தனையோ மாற்றங்கள் வந்தும், 17 என்னும் அப்பகுப்பு இன்றளவும் நிலைத்து நிற்கிறது. நடுவர் களத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை நோக்கிக் குறுக்காக ஓட, எல்லைக்கோட்டு நடுவர் இருவரும் அவர் காணாத இரு பகுதிகளைக் காக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே.

எங்களூர் வழக்காடிகள் எண்ணுவதுபோல, அந்நூலைப் புரட்டினால் தீர்ப்பு அச்சிடப்பட்டிருக்கும் என்று கொள்ளலாகாது. எதிரணியின் காவலரைக் கடந்து நிற்பது மாத்திரம் குற்றமன்று. ஆட்டத்திலோ எதிரியிடத்திலோ தலையிட்டால்தான் குற்றம். தலையிட்டாரா என்பதை நடுவரே துணியவேண்டும். தொல்காப்பிய நூற்பா ஒன்றே. இளம்பூரணர் ஓருரை சொல்வார், சேனாவரையர் வேறுரை சொல்வார். உரையாசிரியருக்காவது ஏடும் எழுத்தாணியும் அவகாசமும் உண்டு. நடுவர் இமைப்பொழுதில் உரைகாண வேண்டியவர்.

இவ்விதிகளுள் என்னைப் பெரிதுங் கவர்ந்தது ஐந்தாம் விதியிலுள்ள ஒரு நுட்பம். தண்டனை கொடுப்பதால் தவறிழைத்த அணிக்கே நன்மை விளையுமாயின், நடுவர் சீழ்க்கை ஊதாது ஆட்டத்தை ஓடவிட வேண்டும். தவறு செய்தவனுக்குச் சட்டத்தின் சொல்லே துணையாகிவிடலாகாது என்பது இதன் கருத்து.

இக்கருத்தை நூலில் அமைத்தவர், பின்னாளில் அதை மறந்தாரோ என ஐயுறும்படி அவர் வாழ்வின் பிற்பகுதி அமைந்தது. 1961 இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானார். அவ்வாண்டிலேயே, நிறவேற்றுமை பாராட்டிய தென்னாபிரிக்கச் சங்கத்தைச் சம்மேளனம் இடைநிறுத்தியிருந்தது. றவுஸ் 1963 இல் அங்கு சென்று பார்த்து வந்தபின் அத்தடை நீக்கப்பட்டது. ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்பது அவர் கொள்கை. முறைப்படி அங்கீகாரம் பெற்ற சங்கம் அதுவே என்பது அவர் கண்ட நியாயம். சொல்லளவில் அது சரியாயிருக்கலாம். நன்மை யாருக்குப் போயிற்று? 1964 இல் தோக்கியோ மாநாட்டிலே ஆபிரிக்க, ஆசிய நாடுகள் திரண்டு தடையை மீண்டும் விதித்தன. 1966 உலகக் கிண்ணத்தில் ஆபிரிக்காவுக்கெனத் தனியிடம் ஒன்றேனும் ஒதுக்கப்படாமையால், அக்கண்ட நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன.

1973 நவம்பர் 21 ஆந் திகதி சிலி நாட்டிலே நிகழ்ந்தது இன்னுங் கொடிது. இராணுவப் புரட்சிக்குப் பின் சந்தியாகோ தேசிய அரங்கு ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைத்த சிறையாக விளங்கியது. அங்கே ஆட மாட்டோம் எனச் சோவியத் அணி மறுத்தது. சம்மேளனத்தின் தூதுக்குழு அரங்கைப் பார்வையிட்டு, ஆடுதற்குத் தடையில்லை என்றது. குறித்த நாளிற் சிலி அணியினர் எதிரணியின்றியே பந்தை உருட்டிச் சென்று வெறுங் கோலுள் அடித்தனர். விதியின் எழுத்து நிறைவேறிற்று, ஆட்டம் நிகழவில்லை.

1974 யூன் மாதத்தில், பிராங்பேர்ட் மாநாட்டில், பிறேசில் நாட்டு அவலாஞ்ச் 68 வாக்குகளும் றவுஸ் 52 வாக்குகளும் பெற, அவர் பதவி முடிந்தது. சில நாட்களில், அதே நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில், போலந்துக்கும் கெயிற்றிக்கும் இடையிலான ஆட்டத்துக்குச் சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா நடுவராக நின்றார். மட்போர்ட் கிராமத்தவர் நிரைப்படுத்திய சட்டம் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் கையிலும் வந்து சேர்ந்தது. றவுஸ் 1986 யூலை 18 இல் மறைந்தார்.

அவரைப் பழிப்பதற்காக இதனை எழுதினேனல்லேன். களத்திலே நேர்மையுடையவர், உழைப்பாளி, தெளிந்த நடையில் விதி எழுதத் தெரிந்தவர். எனினும் சட்டத்தை ஆக்கியவர்க்கும் அதற்குச் சரியான உரை எப்போதும் வாய்ப்பதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 2016 இல் சட்டநூல் மறுபடியுந் திருத்தியெழுதப்பட்டபோது, நடுவர் விதிகளின்படி மாத்திரமன்றி ஆட்டத்தின் உள்ளுணர்வின்படியும் தீர்ப்பளிக்க வேண்டுமென்ற கருத்து ஐந்தாம் விதியில் எழுத்திலேயே சேர்க்கப்பட்டது. 2018 இல் படக்கருவியின் துணையும் சட்டத்தில் இடம்பெற்றது. கருவி பந்து எங்கே பட்டது என்பதைக் காட்டும். தீர்ப்பால் யார் பயனடைகிறார் என்பதை மனிதனே எண்ணிப் பார்க்கவேண்டும். வழக்காடும் இளைஞர்க்கு நான் சொல்லக்கூடியது இதுவே: விதியின் சொல்லை முதலிற் கற்றுக்கொள்ளுங்கள், பின்பு, அச்சொல் யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள்.