அளந்தறிந்த அறம்: ஜான் பாய்ட் ஆர்

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அரசின் உணவுக்கலம் அத்தகையதன்று. அதை நிரப்புவது மக்களின் வரிப்பணம். ஆதலின் அவ்வுணவு உரியவரைச் சென்றடைந்ததா, உண்டவர் உடல் தேறியதா என அளந்தறிதலும் அறத்தின்பாற்பட்டதேயாகும். இவ்வுண்மையைத் தம் ஆய்வுகளால் நிலைநாட்டிய பெருமகனார், ஸ்காட்லாந்து நாட்டு ஊட்டவியல் அறிஞர் ஜான் பாய்ட் ஆர் ஆவார்.

1880ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், அயர்ஷயரைச் சேர்ந்த கில்மார்ஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்று, அந்நகரின் சேரிப்பகுதிப் பள்ளியொன்றில் ஆசிரியராக அமர்ந்தார். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறாது எனக் கண்டு, சில நாள்களிலேயே அப்பணியைத் துறந்தார். வேறோர் ஊரில் சில ஆண்டுகள் கற்பித்தபின், மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து மருத்துவம் கற்றார். 1914இல் அபர்தீன் நகரில் ஊட்டவியல் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார். முதல் உலகப்போரில் படை மருத்துவராகத் தொண்டாற்றித் திரும்பியபின் அவர் வளர்த்தெடுத்த ஆய்வகமே ரோவெட் நிறுவனம் எனப் புகழ்பெற்றது.

அங்கு முதலில் ஆராயப்பட்டது கால்நடைகளின் தீவனமே. அதே அளவைமுறையை அவர் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கும் கொண்டுவந்தார். 1926-27இல் சுமார் 1,500 பிள்ளைகள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்கு முழுப்பால், அடுத்தவருக்குக் கொழுப்பு நீக்கிய பால், மூன்றாமவருக்கு அதே ஆற்றல் தரும் பிஸ்கட், நான்காமவருக்கு வழக்கமான உணவு மட்டும். ஏழு திங்கள் கழித்துப் பார்த்தபோது, பால் அருந்தியோரின் வளர்ச்சி ஏனையோரினும் சுமார் 20 விழுக்காடு மிகுந்திருந்தது. வயிறு நிறைதல் வேறு, உடல் வளர்தல் வேறு என்பது இதனால் விளங்கிற்று.

இத்தகைய ஒப்பீடு எளிதன்று. 1930இல் லனார்க்‌ஷயரில் வேறு அறிஞர்கள் 20,000 பிள்ளைகளைக் கொண்டு பால் ஆய்வொன்றை நடத்தினர். ஆசிரியர் சிலர் இரக்கம் மேலிட, மெலிந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் பெறும் பிரிவிற்கு மாற்றினர் போலும். அதனால் இருபிரிவும் தொடக்கத்திலேயே சமமாக அமையவில்லை எனப் புள்ளியியல் அறிஞர் கோசெட் அடுத்த ஆண்டே எடுத்துக்காட்டினார். நல்லெண்ணமாயினும் அது அளவுகோலை வளைத்துவிட்டால், பின்வரும் பிள்ளைகளே இழப்பர்.

1936இல் பாய்ட் ஆர் வெளியிட்ட ‘உணவு, உடல்நலம், வருமானம்’ என்னும் நூல் பிரிட்டனை உலுக்கியது. 1,152 குடும்பங்களின் உணவுக் கணக்குகளை ஆராய்ந்து, மக்களை வருமானப்படி அவர் ஆறு பிரிவாக்கினார். அடித்தட்டிலிருந்த 45 லட்சம் பேரின் உணவு எல்லாச் சத்துகளிலும் குறைபட்டிருந்தது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் எல்லார் வீட்டிலும் ஏறத்தாழ ஒத்திருக்க, பாலும் பழமும் காய்கறியும் வருமானத்தோடு கூடின. ஏறத்தாழப் பாதி மக்களுக்கு முழுநலம் தரும் உணவு வாய்க்கவில்லை. ஏழைகளின் அறியாமையே குறைக்குக் காரணம் என்றிருந்தோர்க்கு, வருமானமே காரணம் என அந்நூல் காட்டிற்று. ஆட்சியாளருக்கு இச்செய்தி உவப்பாயில்லை. எனினும் அவர் தம் பெயரிலேயே அதனை வெளியிட்டார்.

இரண்டாம் உலகப்போரின்போது பங்கீட்டு முறை வகுக்கப்பட்டதில் இவ்வாய்வுகள் துணைநின்றன. தாய்மார்க்கும் குழந்தைகட்கும் பாலில் முன்னுரிமை கிட்டியது. போர் முடிந்தபோது அந்நாட்டில் குழந்தை இறப்பு விகிதம் போர் தொடங்கியபோதிருந்ததினும் குறைந்திருந்தது.

1945இல் தோன்றிய ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். நம் குன்னூர் ஊட்டவியல் ஆய்வகத்தை நடத்திய அய்க்ராய்ட் அங்கு ஊட்டப் பிரிவின் தலைமையேற்றார். உலக உணவு வாரியம் அமைக்கவேண்டும் என்னும் பாய்ட் ஆரின் திட்டத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் ஏற்கவில்லை; 1948இல் பொறுப்பினின்று விலகினார். மறு ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1971 ஜூன் 25ஆம் நாள் தமது 90ஆம் வயதில் மறைந்தார்.

நம் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளை எடைபோட்டு ஏட்டில் குறிக்கின்றனர். அவ்வெண் குறைவாயிருப்பது பணியாளரின் குற்றமன்று. குறைவை நிறைவென எழுதுவதே அக்குழந்தைக்கு இழைக்கும் தீங்கு. உள்ளதை உள்ளபடி எழுதும் ஒவ்வொரு கையும் பாய்ட் ஆரின் பணியைத் தொடர்கிறது.