அசடாக நடித்த அறிவாளி ஸ்டான் லாரல்

குண்டான ஒருவரும் ஒல்லியான ஒருவரும் சேர்ந்து தெருவில் போனால், லாரல்-ஹார்டி போகிறார்கள் என்று கேலி செய்வது தமிழ்நாட்டிலும் உண்டு.

அந்த ஜோடியில் குண்டானவர் ஆலிவர் ஹார்டி. ஒல்லியானவர் ஸ்டான் லாரல்.

படத்தில் லாரல் ஒன்றும் அறியாத அசடு. தலை உச்சியைச் சொறிவார். திருதிரு என்று விழிப்பார். ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் அதைக் கெடுத்துவிட்டு, செய்தது சரிதானே என்பது போல நிற்பார். யாராவது அதட்டினால் முகத்தைக் கோணிக்கொண்டு சிறுபிள்ளை போல அழுவார். ஆனால் அந்த அசட்டுக்குச் சூது வாது தெரியாது. பிறர் கெட வேண்டும் என்ற நினைப்பே கிடையாது.

படத்துக்கு வெளியே கதை நேர்மாறு. அந்த ஜோடிக்கு மூளையாக இருந்தவரே லாரல்தான்! சிரிப்புக் காட்சிகளை யோசித்தவர் அவர். கதையை ஒழுங்கு செய்தவர் அவர். எடுத்த படத்தை வெட்டி ஒட்டும்போது கூடவே உட்கார்ந்திருந்தவரும் அவர்.

அப்பாவின் தொப்பி

இங்கிலாந்தின் வடக்கே உல்வர்ஸ்டன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1890-ம் ஆண்டு ஜூன் 16-ந்தேதி லாரல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெபர்சன். தகப்பனார் நாடக நடிகர். நாடகக் கொட்டகைகளை நடத்தி வந்தவர். தாயாரும் நடிகை.

தகப்பனாருக்குக் கிளாஸ்கோ நகரில் ஒரு பெரிய கொட்டகையை நடத்தும் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று. மகனை டிக்கெட் விற்கும் இடத்தில் உட்கார வைத்தார். கொட்டகை நிர்வாகத்தை மகன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ மேடை மேல்தான் கண்.

1906-ம் ஆண்டு. பையனுக்கு வயது 16. அதே ஊரில் இன்னொரு சிறிய கொட்டகையில், வீட்டுக்குத் தெரியாமல் மேடை ஏறினான். கோமாளி வேடத்துக்கு உடை வேண்டுமே! அப்பாவின் நல்ல கோட்டையும் தொப்பியையும் எடுத்துப் போட்டுக்கொண்டு போனான்.

ஆடி முடித்துக் கும்பிடும்போது பார்த்தால், எதிரே அப்பா! அந்தக் கொட்டகைக்காரரைப் பார்க்க அவர் தற்செயலாக வந்திருந்தார். பையன் பதறி ஓடினான். ஓடிய ஓட்டத்தில் தொப்பி நசுங்கியது. கோட்டு கிழிந்தது. உதை நிச்சயம் என்று நடுங்கிக்கொண்டே அப்பாவின் அறைக்குப் போனான். அப்பா அடிக்கவில்லை. ஆட்டம் மோசமில்லை என்று சொல்லி, பெரிய மனிதருக்குக் கொடுப்பது போல அவனுக்கும் ஒரு கோப்பை விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். பையன் அழுதுவிட்டான். லாரல் வயதான பிறகும் இந்தக் கதையைச் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

சாப்ளினோடு ஓர் அறையில்

1910-ம் ஆண்டு பிரெட் கார்னோ என்பவரின் நாடகக் கம்பெனியில் லாரல் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் பெரிய நடிகர் சார்லி சாப்ளின். சாப்ளினுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் அவர் வேடத்தைப் போட ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அந்த வேலை லாரலுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு கம்பெனி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. ஊர் ஊராகப் போய் நடித்தார்கள். வாடகை அறையில் சாப்ளினும் லாரலும் சேர்ந்து தங்குவார்கள். அறையில் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர்களின் உத்தரவு. லாரல் ரகசியமாக அடுப்பை மூட்டி இறைச்சி பொரிப்பார். பொரியும் சத்தம் வெளியே கேட்காதபடி சாப்ளின் உரக்கப் பிடில் வாசிப்பார்.

பிறகு சினிமாக்காரர்கள் சாப்ளினை அழைத்துக்கொண்டார்கள். அவர் போனதும் நாடகக் கம்பெனியின் அமெரிக்கப் பயணம் படுத்துவிட்டது. சாப்ளின் உலகப் புகழ் பெற்றார். லாரல் பல ஆண்டுகள் சிறு சிறு மேடைகளில் அலைந்தார். சாப்ளின் 1964-ல் வெளியிட்ட தன் வரலாற்றில் பழைய அறைத்தோழரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லாரல் மட்டும் சாப்ளினைப் புகழ்வதைக் கடைசி வரை நிறுத்தவில்லை.

இந்த நாட்களில்தான் பெயர் மாறியது. ஸ்டான் ஜெபர்சன் என்ற பெயருக்கு இங்கிலீஷில் 13 எழுத்து. 13 ஆகாத எண் என்பது மேல்நாட்டார் நம்பிக்கை. ஸ்டான் லாரல் ஆனார்.

சுட்டுக்கொண்ட கை

ஹால் ரோச் என்ற படமுதலாளியின் ஸ்டூடியோவில் லாரலுக்கு வேலை கிடைத்தது. நடிக்க அல்ல; கதை எழுதவும், டைரக்ட் செய்யவும்! தமக்கு நடிப்பை விட அதுவே ஏற்றது என்று அவரும் முடிவு கட்டியிருந்தார்.

அதே ஸ்டூடியோவில் ஆலிவர் ஹார்டி என்ற குண்டு நடிகரும் இருந்தார். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவைச் சேர்ந்தவர். நல்ல பாட்டுக்காரர். அதற்கு முன்பே 1921-ல் வெளிவந்த ஒரு படத்தில் இருவரும் தற்செயலாக நடித்திருந்தார்கள். ஹார்டி கொள்ளைக்காரன்; லாரல் அகப்பட்டுக்கொண்டவர்.

1926-ல் ஒரு நாள் ஹார்டி வீட்டில் ஆட்டுத்தொடை சமைத்தார். கொதிக்கும் நெய் கையில் கொட்டிப் புண்ணாகிவிட்டது. மறுநாள் படப்பிடிப்புக்கு ஆள் இல்லை. லாரலே அந்த வேடத்தைப் போட நேர்ந்தது. போட்ட வேடத்தை அதன் பிறகு கழற்ற முடியவில்லை. மறு ஆண்டே லாரலும் ஹார்டியும் நிரந்தர ஜோடி ஆனார்கள்.

அசட்டை உண்டாக்கிய விதம்

லாரலின் அசட்டு முகம் தானாக வந்ததல்ல. ஒவ்வொன்றாகச் சேர்த்து உண்டாக்கியது. செருப்பின் குதிகாலை எடுத்துவிட்டார். நடை தட்டையாகி வாத்து நடை போல ஆயிற்று. ஒரு சிறைச்சாலைப் படத்துக்காகத் தலையை ஒட்ட வெட்டினார். மயிர் வளரும்போது குத்திட்டு நின்றது. அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கவே, அப்படியே விட்டுவிட்டார்.

அந்தப் புகழ் பெற்ற அழுகை இருக்கிறதே, அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. படமுதலாளிக்கும் ஜனங்களுக்கும் பிடித்தது. அழுதார்.

இருவர் பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் நன்றாகப் பிரித்து வைத்திருந்தார். இருவருமே முட்டாள்கள்தான். ஆனால் ஹார்டி, தான் அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கும் முட்டாள். அதனால்தான் முன்னே போய் விழுகிறவர் எப்போதும் ஹார்டி. பின்னால் வந்து திகைத்து நிற்பவர் லாரல். ஒருவரை ஒருவர் எவ்வளவு அடித்துக்கொண்டாலும் பிரிந்து போக மாட்டார்கள்.

இவர்களுடைய படங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், 1932-ல் வெளிவந்த இசைப்பெட்டி என்ற குறும்படத்தையே பலரும் சொல்வார்கள். கதை ஒரே வரிதான். ஒரு வீட்டுக்குப் பியானோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீடு மேட்டின் மேல் இருக்கிறது. 100-க்கு மேல் படிகள். பியானோவைத் தூக்குகிறார்கள். அது உருண்டு கீழே போகிறது. மறுபடி தூக்குகிறார்கள். மறுபடி உருளுகிறது. வேர்த்து விறுவிறுத்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு தபால்காரர் வருகிறார். வண்டி வரும் பாதை பின்பக்கம் இருக்கிறதே, எதற்குப் படி ஏறினீர்கள் என்று கேட்கிறார். உடனே இருவரும் என்ன செய்கிறார்கள்? பியானோவைப் படி வழியாகவே கீழே இறக்குகிறார்கள். வண்டியில் ஏற்றிப் பாதை வழியாக மறுபடி மேலே கொண்டுவருகிறார்கள்!

இந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கிறது. மொத்தம் 133 படிகள்.

இரு மடங்கு சம்பளம்

மாலையில் படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ப் ஆடப் போய்விடுவார். லாரல் படம் வெட்டும் அறைக்குப் போவார். படம் முடிந்ததும் ஒரு கொட்டகையில் போட்டுக் காட்டி, ஜனங்கள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கணக்கு எடுப்பார்கள். சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிப் போகாதபடி படத்தைத் திருத்துவார்கள்.

பேசும் படம் வந்த புதிதில் ஒரே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் எடுத்தார்கள். இருவருக்கும் அந்த மொழிகள் தெரியாது. உச்சரிப்பைப் பலகையில் எழுதி வைத்து, பார்த்துப் படித்தே நடித்தார்கள்.

லாரலுக்கு ஹார்டியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சம்பளம். ஹார்டி அதற்காக மனஸ்தாபப்படவில்லை. வேலை அதிகம் செய்கிறவருக்குப் பணம் அதிகம், அவ்வளவுதான் என்று இருந்தார். சினிமா உலகில் இப்படி ஒரு கூட்டாளி கிடைப்பது அபூர்வம்.

வீட்டில் லாரலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1930-ல் பிறந்த ஆண் குழந்தை ஒன்பதே நாளில் இறந்தது. நான்கு பெண்களை மணந்தார். அவர்களில் ஒருவரை விவாகரத்துச் செய்து மறுபடியும் மணந்தார். 1946-ல் மணந்த ஐடா என்ற அம்மாள்தான் கடைசி வரை துணை இருந்தார்.

முதலாளியோடும் தகராறு மூண்டது. 1940-ல் ஜோடி அந்த ஸ்டூடியோவை விட்டு வெளியேறியது. அது நஷ்டமாக முடிந்தது. அடுத்துப் போன பெரிய கம்பெனிகள் லாரலை நடிகராக மட்டுமே பார்த்தன. கதையில் கை வைக்காதே, வெட்டும் அறைக்கு வராதே என்றன. படங்களில் பழைய சிரிப்பு இல்லை. உண்மையிலேயே வாயில்லாத அசடு போல அவர் நிற்க வேண்டியதாயிற்று.

மணி வாசித்த பாட்டு

சினிமா கைவிட்டதும் இருவரும் மேடைக்கே திரும்பினார்கள். இங்கிலாந்தில் ஊர் ஊராக நடித்தார்கள். லாரலுக்கு நீரிழிவு, ஹார்டிக்கு உடம்பு பாரம்.

1953 செப்டம்பரில் அவர்கள் வந்த கப்பல் அயர்லாந்தில் கோப் என்ற துறைமுகத்தில் நின்றது. தங்களை உலகம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த இருவரும் கரையைப் பார்த்துத் திகைத்தார்கள். ஒரே ஜனத்திரள். திடீரென்று ஊர் மாதாகோவில் மணிகள் ஒலித்தன. அவர்களுடைய படங்களின் தொடக்கத்தில் வரும் குயில் பாட்டை அந்த மணிகள் வாசித்தன! லாரலும் ஹார்டியும் கண்ணீர் விட்டார்கள். இந்தத் தடவை அது நடிப்பு அல்ல.

டெலிவிஷனில் மறு பிறவி

இதற்கிடையில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்டது. பழைய லாரல்-ஹார்டி படங்களைத் தினந்தோறும் போட்டார்கள். குழந்தைகள் புதிதாகக் கண்டு சிரித்தார்கள். ஆனால் அந்தப் படங்களின் உரிமை நடிகர்களிடம் இல்லை. அதனால் டெலிவிஷன் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. லாரலுக்குப் பணம் வராததை விட வேறு ஒன்றுதான் உறுத்தியது. நடு நடுவே விளம்பரம் போடுவதற்காகப் படங்களைக் கண்டபடி வெட்டினார்கள். அவர் கணக்குப் பார்த்துக் கோத்த சிரிப்புகள் துண்டு துண்டாகப் போயின.

1955-ல் டெலிவிஷனுக்கென்றே புதிய தொடர் ஒன்றை இருவரும் நடிக்க ஏற்பாடு ஆயிற்று. தொடங்க இருந்த வேளையில் லாரலுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் தேறி எழுந்ததும், 1956-ல் ஹார்டி அதே நோயில் விழுந்தார். ஹார்டிக்குப் பேச்சு நின்றுபோயிற்று. லாரல் பார்க்கப் போனார். பழைய ஊமைப்படம் போல இருவரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டார்கள்.

1957 ஆகஸ்டு 7-ந்தேதி ஹார்டி இறந்தார். உடல்நிலை காரணமாக டாக்டர் தடுத்ததால் லாரல் சவ அடக்கத்துக்குக்கூடப் போக முடியவில்லை. அதன் பிறகு யார் கூப்பிட்டும் அவர் நடிக்கவில்லை. ஆனால் காட்சிகள் எழுதுவதை விடவில்லை. லாரலுக்கும் ஹார்டிக்கும் என்றே எழுதினார். நடிக்க ஹார்டி இல்லை என்று தெரிந்தும் எழுதினார்.

டெலிபோன் புத்தகத்தில் பெயர்

கடற்கரை ஊரான சாண்டா மோனிகாவில் ஒரு சிறிய வீட்டில் ஐடாவுடன் குடியிருந்தார். பெரிய நடிகர்கள் டெலிபோன் எண்ணை மறைத்து வைப்பார்கள். லாரலின் எண்ணோ டெலிபோன் புத்தகத்தில் எல்லோரையும் போல அச்சாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். வீட்டுக்கு வருகிறேன் என்றால் வரச் சொல்லுவார். மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களுக்குத் தாமே டைப் அடித்துப் பதில் போட்டார்.

அப்படிப் புத்தகத்தில் எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டவர்களில் ஒருவர் டிக் வான் டைக். 1961-ல் அவர் பெயராலேயே ஒரு டெலிவிஷன் சிரிப்புத் தொடர் தொடங்கி வெகு பிரபலம் ஆயிற்று. அதில் ஒரு நாள் அவர் லாரலைப் போலவே வேடம் போட்டு நடித்தார். முடிந்ததும் பயந்துகொண்டே லாரலுக்கு டெலிபோன் செய்து அபிப்பிராயம் கேட்டார். கிழவர் பாராட்டினார். பிறகு தொப்பி சரியில்லை என்பது முதல் சின்னச் சின்னத் தவறுகளை வரிசையாக எடுத்துச் சொன்னார். வெட்டும் அறையில் உட்கார்ந்த பழக்கம் எங்கே போகும்?

1961 ஏப்ரலில் லாரலுக்கு வாழ்நாள் பணிக்காக ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். மேடைக்குப் போக உடல் இடம் தரவில்லை. நடிகர் டானி கே அவருக்காகப் பெற்றுக்கொண்டார்.

1964-ல் அமெரிக்க டெலிவிஷனில் இன்னொரு தொடர் வந்தது. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்களின் கதை. அதில் குண்டான ஒரு கப்பல் தலைவர். அவருக்குக் கையாளாக கில்லிகன் என்ற ஒல்லிப் பையன். தப்பிக்கும் வழியை எல்லாம் பையன் அசட்டுத்தனத்தால் கெடுப்பான். தலைவர் தொப்பியால் அடிப்பார். ஆனாலும் அவனைக் கைவிட மாட்டார். பார்த்தவர்களுக்கு இது யாருடைய வழி என்று சொல்லத் தேவை இல்லை.

1965 பிப்ரவரி 23-ந்தேதி லாரல் மரணப் படுக்கையில் இருந்தார். வயது 74. நர்சு ஊசி போட வந்தாள். பனிச்சறுக்கு ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றாராம். உங்களுக்குப் பனிச்சறுக்கு ஆடத் தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாது, ஆனால் ஊசி குத்திக்கொள்வதற்கு அது மேல் என்றாராம். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது.

அடக்கத்தின்போது அவரைப் பற்றிப் பேசியவர் டிக் வான் டைக்.

பிறந்த ஊரான உல்வர்ஸ்டனில் 2009-ல் சிலை வைத்தார்கள். லாரலுக்கு மட்டும் அல்ல. ஹார்டியும் பக்கத்தில் நிற்கிறார். இருவரும் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். காலடியில் ஒரு சின்ன நாய்.